எலும்பு காய்ந்த மொட்டைமாடி

இன்று பட்டம் பெறும் இளைஞர்களே, பெற்றோர்களே, வெயில் ஏறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

என் உத்தியோக வாழ்க்கையின் பெரும்பகுதி கொல்கத்தாவில் கழிந்தது. வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவு. குமார்துலியில் துர்க்கை சிலை செய்பவர், காலேஜ் ஸ்ட்ரீட்டில் பைண்டிங் பட்டறை வைத்திருப்பவர், இனிப்புக் கடைக்காரர் என்று தினமும் யாராவது மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார்கள். கடன் விண்ணப்பத்தில் சொத்துக்கு, ஜாமீனுக்கு, விற்றுமுதலுக்கு எல்லாம் கட்டம் உண்டு. ஆளின் குணத்தை எழுதக் கட்டம் கிடையாது. ஆனால், போன பணம் திரும்பி வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானித்தது.

இதைச் சும்மா சொல்லவில்லை. 2015-16இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி நம் நாட்டில் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் 6.34 கோடி. அவற்றில் வேலை செய்பவர்கள் 11.10 கோடி. வகுத்துப் பாருங்கள், ஒரு தொழிலுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மேற்கு வங்கத்தில் மட்டும் 88.67 லட்சம் தொழில்கள். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான். இரண்டு பேர்கூட இல்லாத இடத்தில் தரக்கட்டுப்பாட்டுக்கு ஒரு துறை, வாடிக்கையாளர் குறைகேட்க ஒரு துறை என்று எங்கே வைப்பது? எல்லாத் துறையும் முதலாளிதான். அவர் சொன்ன சொல் தவறினால் அந்தக் கம்பெனியே சொல் தவறியதாகிவிடும்.

அந்த ஊரில் எனக்கு ஆதர்சமான ஒரு மனிதரைப் பற்றி உங்களிடம் சொல்லவே முக்கியமாக வந்தேன். பிரபுல்ல சந்திர ராய். 1861இல் குல்னா பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். எடின்பரோவில் டி.எஸ்.சி. பட்டம் வாங்கி, 1889இல் பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். கௌரவமான வேலை. அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால், படித்த வங்காளப் பிள்ளைகள் குமாஸ்தா வேலைக்காக அலைவதைப் பார்த்து அவருக்கு மனசு ஆறவில்லை. 1892இல், 91, அப்பர் சர்குலர் ரோடு என்ற வாடகை வீட்டில், எழுநூறு ரூபாய் முதலீட்டில் பெங்கால் கெமிக்கல் ஒர்க்ஸைத் தொடங்கினார்.

முதலில் எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுத்துப் பார்த்தார். கணக்குப் போட்டால் கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டார். அடுத்து எலும்பிலிருந்து பாஸ்பேட் உப்புகள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ராஜாபஜார் கசாப்புக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக மாட்டெலும்பு வாங்கி வந்து, வீட்டு மொட்டைமாடியில் பரப்பிக் காயவைத்தார். ஜனவரி மாதம், மழை வராது என்று நம்பிக்கை. அந்த வருஷம் பார்த்து மழை விடாமல் பெய்தது. எலும்பில் ஒட்டியிருந்த சதை அழுகிப் புழு வைத்தது. நாற்றம் தெருவைத் தூக்கியது. காக்கைகள் எலும்புத் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு போய், ஆசாரமான அக்கம்பக்கத்து வீடுகளில் போட்டன. சும்மா இருப்பார்களா? சுகாதார அதிகாரியிடம் புகார் செய்வோம் என்று கிளம்பிவிட்டார்கள். ராய் எலும்பு மூட்டைகளை மாணிக்தலா பக்கம் கொண்டுபோய் எரித்துச் சாம்பலாக்கினார். அந்தச் சாம்பலிலிருந்து வேலை தொடர்ந்தது.

டி.எஸ்.சி. படித்தவர், கல்லூரிப் பேராசிரியர், சாதி ஆசாரம் கெட்டியாக இருந்த காலம். ஆள் வைத்துச் செய்யச் சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்காரவில்லை. கல்லூரி முடிந்ததும் நேராகப் பட்டறைதான். அன்றைய மருந்துக் கடைக்காரர்களுக்குச் சீமை லேபிள் ஒட்டிய புட்டி மீதுதான் நம்பிக்கை. டாக்டர் அமுல்ய சரண் போஸ் என்ற நண்பர் கூட்டாளியாகச் சேர்ந்து, ராதா கோவிந்த கர், நீல்ரத்தன் சர்க்கார் போன்ற மருத்துவர்களை இந்தச் சுதேசி மருந்துகளை எழுதித்தர வைத்தார். ஓமத்திலிருந்து ஒரு மருந்து, ஆடாதொடையிலிருந்து ஒரு சிரப். நம் பாட்டிமார்களின் சரக்குதான், பார்மகோபியா முறையில் தயாராகிப் புட்டியில் வந்தது. 1898இல் பிளேக் வந்து அமுல்ய சரண் இறந்துபோனார். ராய் நிறுத்தவில்லை. 1901இல் அது லிமிடெட் கம்பெனியாயிற்று.

பிற்காலத்தில் அந்தக் கம்பெனி நெடுங்காலம் நஷ்டத்தில் ஓடியது; 1980இல் அரசுடைமையானது. தொடங்கியவரின் குணம் நிறுவனத்துக்குத் தானாகச் சொத்தாக வருவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

நான் திருநெல்வேலியில் வேதியியல் படித்தேன். எங்கள் பாடப்புத்தகத்தில் ராயின் பெயர் மெர்க்குரஸ் நைட்ரைட்டோடு ஒரே ஒரு வரியில் வரும். பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்தோம். மொட்டைமாடிக் கதையை யாரும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பேராசிரியர் ஒருவர், செய்முறை வகுப்பு முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு நின்று சோதனைக் குழாய் கழுவுவார். கொல்கத்தா போய்ச் சேர்ந்தபிறகு ராயைப் படித்தபோது அந்தப் பேராசிரியரின் முகம்தான் ஞாபகம் வந்தது.

தன் கையால் வேலை செய்யக் கூசாதது ஒரு குணம். இன்னொரு குணம், கொடுக்க வேண்டியதை நாள் தவறாமல் கொடுப்பது. வங்காளப் புத்தாண்டு பொய்லா பொய்ஷாக் அன்று கொல்கத்தாக் கடைகளில் ஹால்காதா நடக்கும். சிவப்புத் துணி அட்டை போட்ட புதுக் கணக்குப் புத்தகம் பூஜையில் இருக்கும். வாடிக்கையாளர் வந்து பழைய பாக்கியைத் தீர்ப்பார். கடைக்காரர் இனிப்புப் பெட்டியும் காலண்டரும் கொடுத்து அனுப்புவார். பாக்கி கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் முகத்தில் சுளிப்பு இருக்காது. இன்று சட்டமே இருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில்களிடம் சரக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. உங்களுக்கு வரவேண்டிய பணத்துக்கு இந்தச் சட்டத்தைத் தைரியமாகக் காட்டுங்கள். ஆனால், உங்களுக்குச் சரக்குப் போடும் அட்டைப்பெட்டிக்காரரும் இதே கணக்கில்தான் காத்திருக்கிறார். பெரிய கம்பெனி எனக்குத் தரவில்லை, அதனால் நான் அவருக்குத் தரவில்லை என்ற பேச்சு என் மேசைக்கு எதிரே நிறையக் கேட்டிருக்கிறேன். அப்படிப் பேசியவர்கள் நிலைத்துப் பார்த்ததில்லை.

கடைசியாகப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மகளோ மகனோ கடை வைக்கிறேன், பட்டறை போடுகிறேன் என்று வந்தால், முதலில் ஒரு அரசுத் தேர்வு எழுதிவிட்டு வா என்று சொல்லாதீர்கள். இரண்டு வருஷம் பொறுங்கள். வீட்டுச் செலவுக்குக் கடைப் பணத்தில் கை வைக்காதீர்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்காமல் பிள்ளையையே உட்கார்ந்து பதிவு செய்யச் சொல்லுங்கள். மொட்டைமாடியைக் கேட்டால் அதையும் கொடுங்கள்.