அமெரிக்கர் பண்பு எது?

(புதுக்கோட்டை ஜில்லா கிராமமொன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



அமெரிக்கர்களுடைய கலாச்சாரம் என்ன என்பதைப் பற்றிப் பேசவேண்டுமென்று கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்துப் பையன்கள் பலர் படித்துவிட்டு அந்நாட்டுக்குச் சம்பாதிக்கப் போயிருக்கிறார்கள். அவர்களுடைய தகப்பன்மார் என்ன சொல்லுகிறார்கள்? "பணம் உண்டு, ஆனால் கலாச்சாரம் இல்லாத தேசம்" என்கிறார்கள். கலாச்சாரம் என்றால் என்னவென்று திருப்பிக் கேட்டால் உடுப்பையும், சாப்பாட்டையும், பூஜையையும் சொல்லுகிறார்கள். துணி மாற்றினால் போய்விடக்கூடியது ஒரு ஜனசமூகத்தின் பண்பாகுமா? மனிதனை மனிதன் எப்படி நடத்துகிறான், தப்பாக நடத்தினால் கேட்பாருண்டா என்பதல்லவா பண்பு?

இந்த அளவுகோலை வைத்து அமெரிக்காவைப் பாருங்கள். மனிதரெல்லாம் சமமாகப் பிறந்தவர்கள் என்று 1776-ல் பிரகடனம் செய்தார்கள். அதை எழுதிய ஜெபர்சனோ நூற்றுக்கணக்கான கருப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்தவர். பூர்வகுடிகளின் நிலத்தைப் பிடுங்கினார்கள். 1865 வரையில் அடிமைத்தனம் சட்டப்படியே நடந்தது. அதன் பிறகும் தென் மாகாணங்களில் வெள்ளையருக்கு ஒரு பள்ளிக்கூடம், கருப்பருக்கு ஒரு பள்ளிக்கூடம். ஆகவே அமெரிக்கரைத் தேவர்களென்று சொல்ல நான் இங்கு வரவில்லை.

ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை. 1955 டிசம்பரில் மான்ட்கோமரி நகரத்தில் ரோசா பார்க்ஸ் என்கிற தையல் வேலை செய்யும் அம்மையார், பஸ்ஸில் வெள்ளையனுக்காக எழுந்திருக்க மாட்டேன் என்றார். கைது செய்தார்கள். அவ்வூர்க் கருப்பு மக்கள் 381 நாள் அந்தப் பஸ்ஸில் ஏறாமல் நடந்தார்கள், கோர்ட்டிலும் ஜெயித்தார்கள். 1964-ல் சம உரிமைச் சட்டம் வந்தது. கருப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்ளக்கூடாது என்ற சட்டங்கள் செல்லாவென்று 1967-ல் தீர்ப்பாயிற்று.

இவர்கள் எதைச் சொல்லிப் போராடினார்கள்? "நீ எழுதிய காகிதம் மெய்யா, பொய்யா?" என்றுதான். எழுதியவனை அவன் எழுத்தைக் கொண்டே மடக்கிய குணம் இருக்கிறதே, அதுதான் அமெரிக்கப் பண்பில் நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது. அதை உண்டாக்கினவர்களும் எழுதினவர்களல்ல, மிதிபட்டவர்களே.

நிற்க, நம்மிடம் காகிதம் இல்லையா? இருக்கிறது. தீண்டாமை ஒழிந்தது என்று 1950 முதல் அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்லுகிறது. அந்தச் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கர், 1913-ல் நியூயார்க் சென்று கொலம்பியாவில் படித்தவர்தான். ஆனால் 72 வருஷம் கழித்து, 2022 டிசம்பரில், இதே ஜில்லாவில் நடந்ததென்ன? வேங்கைவயலில் ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள், பக்கத்து இறையூரில் டீக்கடையிலே இரட்டை டம்ளர் இருப்பதைக் கண்டார்கள். அய்யனார் கோவிலுக்குள் அந்த மக்களைக் கலெக்டரே கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. இதுதானா நாம் பீற்றிக்கொள்ளும் கலாச்சாரம்?

அந்த டம்ளரும் இப்போது கடல் தாண்டிவிட்டது! 2020-ல் கலிபோர்னியா சர்க்கார், ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் இந்தியர் ஒருவரை இந்தியரே ஜாதி பார்த்துத் தாழ்த்தினார்களென்று வழக்குப் போட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை, ஜாதி பேதம் கூடாதென்று சட்டம் செய்தது. அதே வருஷம் கலிபோர்னியாவில் அப்படியொரு மசோதா நிறைவேறியும், உள்ள சட்டமே போதுமென்று கவர்னர் கையெழுத்திட மறுத்துவிட்டார். நாம் அமெரிக்காவுக்குக் கொடுத்த காணிக்கை இதுதான், தோழர்களே!

நம் மண்ணுக்கு மாறும் குணம் வராதா? வரும். 1991-ல் இந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல் உடைக்கிறவர்களும் வயல் வேலைக்காரிகளும் ஏறி மிதித்தார்கள். கேலி பேசாத தெருவில்லை. ஆயினும் 1 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். இன்று ஒரு பெண் சைக்கிளில் போனால் கலாச்சாரம் போய்விட்டதென்று சொல்லுகிறவன் எங்கே?

ஆகவே, பையனை அமெரிக்காவுக்கு அனுப்பிய பெரியோர்களே! அவனுக்கு அனுப்பும் மூட்டையில் ஊறுகாய் வையுங்கள், ஆட்சேபணையில்லை, ஜாதியை வைக்காதீர்கள். "அங்கே நம்மவர் யார் என்று விசாரித்துப் பழகு" என்று சொல்லாதீர்கள். அவனை அங்கே ஒரு வெள்ளையன் ஒதுக்கினால் உங்களுக்கு எரியுமல்லவா? அந்த எரிச்சலோடு உங்கள் தெரு டீக்கடைக்குப் போய், எத்தனை விதமான டம்ளர் இருக்கிறதென்று பாருங்கள். இரண்டு விதம் இருந்தால் அங்கேயே கேளுங்கள். கலெக்டர் வரட்டுமென்று காத்திருக்காதீர்கள்.