கடைக்கால் குழியில் ஒரு மலை

தாம்பரம் பக்கம் வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பல இடங்களில் மேலே செம்மண், கீழே கிராவல், அதற்கும் கீழே கடப்பாரை ணங்கென்று தெறிக்கும் கருங்கல்.

மண் ஆய்வாளர்களும் இப்படித்தான் குழி வெட்டுகிறார்கள். அடுக்கடுக்காக அளந்து, நிறத்தை மன்செல் வண்ண அட்டையோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு பிடி மண்ணை நனைத்து விரலிடுக்கில் தேய்க்கிறார்கள்: நறநறத்தால் மணல், பிசுபிசுத்து ஒட்டினால் களி. ஆய்வுக்கூடமெல்லாம் பிறகுதான்.

கடைக்கால் குழியில் கடப்பாரை தெறித்த அந்தக் கருங்கல்லின் பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் நம்ம பல்லாவரம், பரங்கிமலைக் கல்லும் ஒரே வகை என்று கண்டு, 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர். கல் நம்முடையது, பெயர் சார்னாக்குடையது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இந்தக் கல்லின் ஹைப்பர்ஸ்தீன் கனிமத்தில் இரும்பு உண்டு. வெயிலிலும் மழையிலும் கல் இற்றுப்போக, இரும்பு துருவேறி மண் சிவக்கிறது. இப்படிக் குழிகளை எட்டிப் பார்ப்பதில் பலனும் உண்டு: 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததும் பல்லாவரத்துச் சரளைக் குழியில்தான்.

பக்கத்து மனையில் குழி வெட்டினால், கான்கிரீட் கொட்டுவதற்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.