நெஞ்சு படபடக்கும்போது
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பயம் வந்தால் உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது, வயிறு கலங்குகிறது. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குக் காரணம் நினைவிருக்கும்: தன்னாட்சி நரம்புத் தொகுதி. பரிவு நரம்புகள் தூண்டப்பட, சிறுநீரகங்களுக்கு மேலுள்ள சுரப்பிகள் அதிரினலினைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து அடிக்கிறது, தோலுக்குப் போகும் குருதி குறைந்து கை குளிர்கிறது, சமிபாடு மந்தமாகிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடல் செய்யும் ஆயத்தம் இது என்று அமெரிக்க உடற்றொழிலியலாளர் வோல்ட்டர் கனன் 1915இல் எழுதினார்.

எல்லா உணர்வுக்கும் உடல் ஒரே மாதிரி நடப்பதில்லை. கோபத்திலும் வெட்கத்திலும் முகம் சிவக்கிறது. இரத்தத்தைக் கண்டு மயங்குபவருக்கோ நாடியும் தளர்ந்து, குருதியமுக்கமும் இறங்கிவிடுகிறது. அவரைத் தூக்கி இருத்தக்கூடாது; படுக்கவிட்டுக் கால்களை உயர்த்த வேண்டும்.

1990களில் விமானச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை நாங்கள். இன்று திருவிழா வெடிச் சத்தத்துக்கும் எங்களில் சிலருக்கு நெஞ்சு படபடக்கிறது. அது கோழைத்தனமுமல்ல, நடிப்புமல்ல. அன்று எங்களை ஓடவைத்த அதே நரம்புகள் இன்னும் காவலிருக்கின்றன.

இதயம் எங்கள் சொற்கேளாது, மூச்சு கேட்கும். மூச்சை உள்ளெடுக்கையில் நாடி சற்று விரைகிறது. வெளிவிடுகையில் வேகஸ் நரம்பு அதைத் தணிக்கிறது. ஆகவே படபடப்பு வரும்போது சில நிமிடங்கள் மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விடுவோம்.

ஆனால் எல்லாவற்றையும் "மனப்பயம்" என்று நாங்களே தீர்மானிக்கக்கூடாது. நெஞ்சு இறுகினால், நோ தாடைக்கோ கைக்கோ பரவினால், மூச்சு முட்டினால், காரணமின்றிக் குளிர வியர்த்தால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். பெண்களுக்கு மாரடைப்பு சிலவேளை குமட்டலும் களைப்புமாகவே வரும். பரிசோதித்துப் பார்த்த பின்னரே அது பயமா நோயா என்று சொல்லலாம்.

எங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய அம்மாமாருக்கு இப்போது வயதாகிவிட்டது. எதைக் கேட்டாலும் "ஒன்றுமில்லைப் பிள்ளை" என்பார்கள். அந்தப் பதிலோடு விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து, நெஞ்சு எப்படி இருக்கிறது, நித்திரை வருகிறதா என்று இன்னொரு முறை கேளுங்கள். தேவையென்றால் கையோடு கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள்.