தாங்கும் கைகளுக்கும் படிப்பு வேண்டும்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் கொடுக்கப்பட்ட செய்தியின் எழுத்து வடிவம்)



தூரத்துச் சபைகளிலிருந்தும் சிரமம் பாராமல் வந்திருக்கிறீர்கள். இந்த ஆண்டும் ஊழியத்தைக் குறைவின்றி நடத்தின தேவனுக்கு முதலாவது ஸ்தோத்திரம் செலுத்துகிறேன்.

யாத்திராகமம் 17-ம் அதிகாரத்தை நீங்கள் அறிவீர்கள். மலையின்மேல் மோசேயின் கைகள் தளர்ந்துபோயின. அப்பொழுது ஆரோன் ஒரு பக்கமும் ஊர் மறுபக்கமும் நின்று, சூரியன் அஸ்தமிக்கும் வரை அந்தக் கைகளைத் தாங்கினார்கள். மோசேயை நாம் மறப்பதில்லை. தாங்கினவர்களையோ அடிக்கடி மறந்துவிடுகிறோம். மருத்துவமனையிலும் அப்படித்தான். டாக்டரின் பெயரைச் சொல்லித் தேடி வருகிறோம். ஆனால் நோயாளியை முதலில் உட்காரவைத்துப் பேசினவர், கேஸ் ஷீட் எழுதினவர், அறுவை அறையில் பக்கத்தில் நின்றவர், வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரையை விளக்கினவர் யார் என்று கேட்பவர்கள் சிலரே. இன்று அந்தத் தாங்கும் கைகளின் படிப்பைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் மருத்துவமனையின் புண் கட்டும் அறையில் ஒரு சகோதரர் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறார். வாட்ச்மேனாகச் சேர்ந்தவர், ஒரு வயதான டாக்டரின் பக்கத்தில் நின்று நின்று தொழில் கற்றார். சர்க்கரை வியாதிக்காரரின் கால் புண்ணைப் பார்த்தவுடன், இது ஆறுமா, உள்ளே சீழ் ஓடுகிறதா என்று சொல்லிவிடுவார். பயிற்சி டாக்டர்களே அவரிடம் கேட்டுக் கற்றதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் இவ்வளவு அறிந்தவரிடம் ஒரு காகிதமும் இல்லை. நம் மதிற்சுவரைத் தாண்டினால் அவருடைய அனுபவத்துக்கு எந்த மருத்துவமனையிலும் பெயர் கிடையாது, சம்பளமும் கிடையாது.

இப்படிப்பட்டவர்களை உருவாக்கினது மிஷன் மருத்துவமனைகளே என்பதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஊழியத்தைத் தொடங்கினார். 1903-லேயே கம்பவுண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்துவிட்டார். 1909-ல் செவிலியர் பயிற்சிப் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, 1946-ல் செவிலியர் பட்டப்படிப்பு என்று வேலை வளர்ந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். மருத்துவப் பள்ளி வருவதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே உதவியாளருக்கான பயிற்சி வந்துவிட்டது. தனியொரு டாக்டரால் ஒரு ஜில்லாவைக் கவனிக்க முடியாது என்பதை அந்த அம்மையார் தொடக்கத்திலேயே கண்டிருந்தார்கள்.

கை அறிந்த வேலைக்குக் காகிதம் இல்லை என்பது நம் நாட்டின் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் கடற்படையில் மருத்துவப் பணியாளராக இருந்து திரும்பினவர்களுக்கும் இதே நிலைமை இருந்தது. காயக்கட்டும் அவசர சிகிச்சையும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஊர் திரும்பினால் அதற்கேற்ற வேலை இல்லை. 1965-ல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் அப்படிப்பட்ட நால்வரைச் சேர்த்து, டாக்டரின் மேற்பார்வையில் பணிபுரியும் மருத்துவ உதவியாளருக்கான முதல் படிப்பைத் தொடங்கினார். 1967-ல் மூவர் அதை முடித்து வெளிவந்தனர். பிசிஷியன் அசிஸ்டென்ட் என்ற தொழில் அப்படித்தான் பிறந்தது.

நம் நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தது சென்னையிலுள்ள ஒரு கிறிஸ்தவ மருத்துவமனை. 1975-ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இருதய பைபாஸ் அறுவை செய்து பெயர்பெற்ற டாக்டர் கே. எம். செரியன் அவர்கள், 1992-ல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இந்தப் படிப்பைத் தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் அவர்கள் மறைந்தார்கள். அவர்கள் நட்ட மரமோ இன்று பல கல்லூரிகளில் கிளைவிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் இது பி.எஸ்ஸி. பட்டமாக, மூன்று ஆண்டு வகுப்பும் ஓராண்டு கட்டாயப் பயிற்சியுமாக அமைக்கப்பட்டது.

அப்படி என்ன படிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல் ஆகியவற்றோடு தொடங்கி, பொது மருத்துவம், அறுவை, குழந்தை நலம் என்று வார்டுக்கு வருகிறார்கள். பெரிய பெயர்களைக் கேட்டுத் திகைக்க வேண்டாம். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

இரத்த அழுத்தம் பார்ப்பது எளிய வேலை என்று நினைக்கிறோம். பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்து வந்த பெரியவருக்கு உடனே பார்த்தால் அளவு ஏறியிருக்கும். அவரை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, பாதங்கள் தரையில் படும்படி, கை இருதயத்தின் மட்டத்தில் இருக்கும்படி வைத்துப் பார்க்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் கருவி இல்லாத அழுத்தத்தைக் காட்டும். அந்தத் தவறான எண்ணை நம்பி, வேண்டாத மாத்திரையை ஆயுள் முழுதும் விழுங்குகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, கேள்வி கேட்கும் பயிற்சி. இருமல் என்று வரும் அம்மாவிடம் எத்தனை நாளாக என்று கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் உண்டா என்று பார்க்க வேண்டும். ஊசி போடுமுன், முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்க வேண்டும். பெனிசிலின் ஒவ்வாத ஒருவருக்கு அந்த ஒரு கேள்வியே உயிரைக் காக்கும். ஓ.பி.யில் டாக்டருக்கு முன் நீண்ட வரிசை நிற்கும்போது, இந்தக் கேள்விகளைப் பொறுமையோடு கேட்டு எழுதிவைக்க ஒருவர் இருந்தால், டாக்டர் தம்முடைய நேரத்தை நோயைத் தீர்மானிப்பதில் செலவிடலாம்.

இவர்கள் அரை டாக்டர்களாகி ஊரில் போர்டு மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு சபை மூப்பர் என்னிடம் கேட்டார்கள். நியாயமான பயம்தான். அரை வைத்தியனைப் பற்றி நம் ஊரில் பழமொழியே உண்டு. ஆனால் அரைகுறையாகக் கற்றவனே தன் எல்லை அறியாமல் துணிகிறான். ஒழுங்காகப் படித்தவர்களுக்குத் தாங்கள் செய்ய வேண்டியதோடு, செய்யக் கூடாததும் கற்றுக்கொடுக்கப்படுகிறது. டாக்டரின் மேற்பார்வையில் வேலை செய்வது, சந்தேகம் வந்தால் உடனே அழைப்பது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது ஆகிய மூன்றும் இந்தப் படிப்பின் முதல் பாடம். போலி வைத்தியத்துக்கு மருந்து இந்தப் படிப்பே.

இப்போது காலமும் மாறிவிட்டது. 2021 மார்ச்சில் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆய்வகம், கதிரியக்கம், இயன்முறை மருத்துவம் என்று பத்துப் பிரிவுகளை அது வகுத்தது; அவற்றில் ஒன்றில் மருத்துவ உதவியாளரும் இடம்பெற்றிருக்கிறார்கள். அச்சட்டத்தின்படி, உடல்நலப் பணி வல்லுநர் என்று பெயர் பெறுவதற்கான பட்டப்படிப்பு 3,600 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. தகுதி பெற்றவர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏற வேண்டும். இது நோயாளிகளுக்கு நல்லது. ஆனால் பக்கத்தில் நின்று கற்றுக்கொள் என்று ஏழைப் பிள்ளைகளுக்கு நாம் திறந்து வைத்திருந்த பழைய வாசல் இனிப் போதாது. பட்டம் என்கிற வாசல் வழியாகத்தான் அவர்கள் வர வேண்டும். அந்த வாசலிலோ கட்டணம் கேட்கிறார்கள்.

புண் கட்டும் அறைச் சகோதரரின் மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்து இந்தப் படிப்பில் சேர்ந்தாள். தமிழ் வழியில் படித்தவள். முதல் ஆறு மாதம் ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும் என்பாள். விடுதியில் மற்றவர்கள் தூங்கின பிறகும் அகராதியோடு உட்கார்ந்திருப்பாள். இரண்டாம் ஆண்டு முடியும் தருவாயில் அவளுடைய தாய்க்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது. படிப்புக்கு வைத்திருந்த பணம் வைத்தியத்துக்குப் போயிற்று. படிப்பை விட்டுவிட்டு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்று அவளே சொன்னாள். தகப்பனார் சம்மதிக்கவில்லை. "சிஸ்டர், நான் கத்துக்கிட்டது என் கையோட போயிடும். இவ படிச்சா நாலு பேருக்குச் சொல்லிக்கொடுப்பா. எப்படியாவது முடிக்க வையுங்க" என்று என்னிடம் கேட்டார். இவளுக்கு இன்னும் ஓராண்டு வகுப்பும் ஓராண்டுப் பயிற்சியும் இருக்கின்றன. அதற்கான பணம் இன்னும் முழுமையாகச் சேரவில்லை. இவளைப்போல வேறு பிள்ளைகளும் நம் சபைகளில் காத்திருக்கிறார்கள்.

பிரியமானவர்களே, நீங்கள் கட்டடத்துக்குக் கொடுத்தீர்கள். ஸ்கேன் கருவிக்கும் ஆம்புலன்சுக்கும் கொடுத்தீர்கள். அவற்றுக்காக நன்றி சொல்லுகிறோம். அவைகளில் கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். ஒரு பிள்ளையின் படிப்பில் பெயர் பொறிக்க இடமில்லை. ஆனால் கருவி பழுதாகும். படித்த பிள்ளையோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் நோயாளிகளின் பக்கத்தில் நிற்கும்.

ஆகையால் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, ஒவ்வொரு சபையும் ஒரு மாணவனையோ மாணவியையோ படிப்பு முடியும்வரை தாங்க முன்வாருங்கள். ஒரு ஆண்டு கொடுத்து மறு ஆண்டு நிறுத்தினால் பிள்ளை நடுவழியில் நின்றுவிடும். கூடாதவர்கள் புத்தகத்துக்கோ விடுதி உணவுக்கோ கொடுக்கலாம். இரண்டாவது, உங்கள் ஊரிலிருந்தே பிள்ளைகளை அனுப்புங்கள். சபையோ மிஷனோ பரிந்துரைத்த மாணவர்கள் படிப்புக்குப்பின் சில காலம் மிஷன் மருத்துவமனைகளில் பணிசெய்யும் ஒழுங்கு வேலூரில் நெடுங்காலமாக உண்டு. அதே ஒழுங்கில் நம் பிள்ளைகளும் கிராமத்துக்குத் திரும்பட்டும். மூன்றாவது, அங்கீகாரம் உள்ள படிப்புதானா என்று விசாரித்த பிறகே சேருங்கள். விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்கி, செல்லாத சான்றிதழோடு திரும்பின பிள்ளைகளின் கண்ணீரை நான் கண்டிருக்கிறேன். சேருவதற்கு முன் எங்களிடம் வந்து கேளுங்கள். நாங்கள் விசாரித்துச் சொல்லுகிறோம்.

வெளியே வராந்தாவில் மாணவர்கள் உங்களுக்காகத் தேநீர் வைத்திருக்கிறார்கள். அவர்களோடு பேசுங்கள், எந்த ஊர், என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள். அவர்களுடைய பெயர்களை உங்கள் வீட்டு ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.