பெண் சுபாவமா? பட்டணத்தின் கோளாறா?



பெண்கள் வெளியில் வந்து ஓடியாடுவதில்லையே, ஏன் என்று கேட்டால், "அது பெண் சுபாவம்; கூச்சம் கூடவே பிறந்தது" என்கிறார்கள். இது வாஸ்தவந்தானா என்று பரீட்சித்துப் பார்த்த ஒரு பட்டணத்தின் சங்கதியைச் சொல்லுகிறோம். அது ஆஸ்திரியா தேசத்துத் தலைநகராகிய வியன்னா.

1990-களில் அந்நகரத்தார், பார்க்குகளுக்கு வரும் பிள்ளைகளைக் கவனிக்கச் செய்தார்கள். சிறு வயதில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே வந்தார்கள். ஒன்பது, பத்து வயதுக்கு மேலோ பெண் பிள்ளைகள் மாத்திரம் வெகுவாகக் குறைந்துபோனார்கள். சுபாவம் பேசுகிறவர்கள் இத்தோடு நின்றிருப்பார்கள். நகரத்தாரோ பார்க்கையே ஆராய்ந்தார்கள். அங்கிருந்தது ஒரே பெரிய திடல். பையன்கள் பந்தோடு இறங்கிவிட்டால் அத்தனையும் அவர்களுடையது. மல்லுக்கு நிற்பதைவிட வீட்டுக்குப் போவதே மேலென்று பெண்கள் விலகிக்கொண்டார்கள்.

1999-ல் மார்கரேட்டன் வட்டாரத்தில் இரண்டு பார்க்குகளைத் திருத்தினார்கள். திடலைச் சிறு சிறு இடங்களாகப் பிரித்தார்கள், நடைபாதை போட்டார்கள், வாலிபாலுக்கும் பாட்மிண்டனுக்கும் இடம் வைத்தார்கள். பெண் பிள்ளைகள் மறுபடியும் வந்து ஆடலானார்கள்! கூடப் பிறந்த கூச்சம் எங்கே போயிற்று? மந்திரம் ஓதியா விரட்டினார்கள்?

வீடு விஷயமும் இப்படியே. வேலைக்குப் போய்த் திரும்பும் ஆணுக்கு ஒரே வழி. பெண்ணுக்கோ பள்ளிக்கூடம், கடை, வைத்தியர் வீடு, பிறகு கூலி வேலை என்று நாலு வழி. முதல் வழியை மாத்திரம் அறிந்தவர் படம் வரைந்தால் பட்டணம் எப்படியிருக்கும்? ஆகவே 1997-ல் அதே வியன்னாவில் பெண் கட்டடக் கலைஞர்கள் வரைந்தபடி 357 வீடுகள் கட்டி முடித்தார்கள். குழந்தைப் பள்ளியும் வைத்தியரும் மருந்துக்கடையும் அங்கேயே. குழந்தை வண்டி நிறுத்த மாடிதோறும் இடம். படிக்கட்டில் பகல் வெளிச்சம்.

"இது பெண்களுக்குச் சலுகையல்லவா?" என்பீர்கள். வெளிச்சமான படிக்கட்டு கிழவருக்கு உதவாதா? பந்தாடாத பையனுக்கு நடைபாதை வேண்டாமா? பிள்ளையைத் தூக்குவது பெண்ணின் தலையெழுத்து என்றும் நாம் சொல்லவில்லை. ஆணும் தூக்கட்டும்; அன்று அவருக்கும் இந்த வசதி புரியும்.

தோழர்களே! உங்கள் ஊரில் மார்க்கெட்டோ பஸ் நிலையமோ கட்டத் திட்டம் போட்டால், எத்தனை பெண்களைக் கலந்தீர்கள் என்று கேளுங்கள். "பெண்கள்தான் வருவதில்லையே" என்று பதில் வந்தால், அது பெண்ணின் சுபாவமா, திட்டம் போட்டவரின் சுபாவமா என்று திருப்பிக் கேளுங்கள்.