மூட்டு வலிக்குக் குடலில் ஒரு துப்பு

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் சிலர் தவிப்பார்கள். வயதானால் வருகிற தேய்மானம்தானே என்று விட்டுவிடவும் செய்வார்கள். ஆனால் முடக்குவாதம் தேய்மானம் அல்ல. கிருமிகளோடு போராட வேண்டிய நம் நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற நோய் அது.

அதைத் தூண்டிவிடுவது எது? விஞ்ஞானிகள் குடலிலும் தேடுகிறார்கள். அங்கே கோடானுகோடி நுண்ணுயிரிகள் வாழ்கின்றன.

முதுகெலும்பு மூட்டழற்சி என்ற இன்னொரு மூட்டு நோயோடு தொடர்புள்ள ஒரு மனித மரபணுவை எலிகளுக்குள் செலுத்தினார்கள். சாதாரணமாக வளர்ந்த எலிகளுக்குக் குடலும் மூட்டும் வீங்கின. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்தவற்றுக்கு அந்த நோய் வரவில்லை. இது 1994-இல் வெளியான ஆய்வு.

2013-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதர்களைச் சோதித்தார்கள். முடக்குவாதம் புதிதாக வந்து, இன்னும் மருந்து தொடங்காதவர்களில் 75 சதவீதம் பேரின் குடலில் பிரிவோடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா இருந்தது. ஆரோக்கியமானவர்களிடம் அது 21 சதவீதம்தான்.

அதற்காக அந்தப் பாக்டீரியாதான் நோயைக் கொண்டுவந்தது என்று முடிவுகட்டிவிட முடியாது. நோய் வந்ததால்கூட அது பெருகியிருக்கலாம். பரம்பரைக்கும் புகைப்பழக்கத்துக்கும் இந்த நோயில் பங்கு உண்டு.

குடல் நலனுக்காகத் தயிரும் கீரையும் நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் அவற்றை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மூட்டு வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்திலேயே சிகிச்சை தொடங்கினால் மூட்டுகள் சிதையாமல் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.