பாறசாலை பொன்னம்மாள்



ஆண்டுதோறும் நவராத்திரிக்குச் சில நாட்கள் முன்பாக, நாஞ்சில் நாட்டையடுத்த பத்மநாபபுரத்திலிருந்து ஒரு பவனி புறப்படுகிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டுச் சரசுவதி யானைமீது எழுந்தருள்கிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் வருகின்றனர். குழித்துறையில் ஓரிரவு தங்கி, களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரையை அடைந்து, அங்கும் ஓரிரவு தங்கி, மூன்றாம் நாள் திருவனந்தபுரம் கோட்டைக்குள் புகுவது வழக்கம். வழிநெடுகிலும் மக்கள் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பர்.

அந்தச் சரசுவதி கம்பர் பூசித்த திருவுருவம் என்றும், அவர் அதனைச் சேர மன்னரிடம் ஒப்படைத்தார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. வரலாறு அதனை மெய்ப்பிக்குமோ மறுக்குமோ, நாம் அறியோம். ஆயினும், தமிழ்க் கவியின் தெய்வத்தை மலையாள நாடு வரவேற்று ஒன்பது இரவுகள் இசையால் வழிபடுகிறது என்னும் எண்ணமே நெஞ்சுக்கு இனிதாயிருக்கிறது.

இன்று நாம் பேச வந்தது அந்தச் சாலையோரத்து ஊராகிய பாறசாலையில் பிறந்த ஒரு பெண்மணியைப் பற்றி. கலைமகள் எழுந்தருளும் அதே வழியில் அவரும் திருவனந்தபுரம் சென்றார். ஆனால் அக்கலைமகளின் முன்னே அமர்ந்து பாட அவர் எண்பத்தொரு வயதுவரை காத்திருக்க நேர்ந்தது.

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் மொழிகள் கலந்து வாழும் ஊர்கள். பழைய திருவிதாங்கூர் அரசில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் நெய்யாற்றின்கரை வட்டமும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது, முற்கூறிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலத்தில் கோடு விழுந்தது. வீட்டு முற்றத்தில் மலையாளமும் அடுக்களையில் தமிழுமாகப் பேசி வந்த குடும்பங்களின் நாவிலும் செவியிலும் அக்கோடு விழவில்லை.

அத்தகைய தமிழ்க் குடும்பம் ஒன்றில் 1924ஆம் ஆண்டு பொன்னம்மாள் பிறந்தார். இளமையிலேயே இசை பயின்றார். பெண்கள் வீட்டளவில் பாடலாம். பூசையறையிலும் கொலுவின் முன்னும் பாடலாம். அதனைத் தொழிலாகவும் கல்வியாகவும் கொள்வது அரிது என்றிருந்த காலம் அது. 1939ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் ஓர் இசைப்பள்ளி தொடங்கப்பெற்றது. அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் திருநெல்வேலிச் சீமையின் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்றவர் தஞ்சைச் சீமையின் செம்மங்குடி சீனிவாசய்யர். மலையாள மண்ணில் நின்ற அப்பள்ளிக்குத் தமிழகத்து வித்துவான்கள் அடியுரம் இட்டனர்.

அப்பள்ளியில் முதன்முதலாகச் சேர்ந்த மாணவி பொன்னம்மாள். ஆடவர் நிறைந்த வகுப்பில் ஓர் இளம்பெண் தம்பூராவுடன் அமர்வதற்கு எத்துணைத் துணிவு வேண்டியிருக்கும்! அவரை அனுப்பிவைத்த பெற்றோருக்கும் அதே அளவு துணிவு வேண்டியிருக்குமன்றோ! கானபூஷணம் என்னும் தேர்வில் அவர் தேறினார். பின்னர்ப் பெண்கள் பள்ளியொன்றில் இசையாசிரியையாகப் பணியாற்றினார். அடுத்து, தாம் பயின்ற இசைப்பள்ளிக்கே ஆசிரியையாகத் திரும்பினார். அங்கு அப்பொறுப்பேற்ற முதல் பெண்மணியும் அவரே. பிற்காலத்தில் திருப்பூணித்துறையிலுள்ள இசைக் கல்லூரிக்கு முதல்வராகவும் விளங்கினார். அங்கும் பெண்களில் அவரே முதல்வர்.

நல்லாசிரியரின் பெருமையை மாணாக்கரைக் கொண்டே அளக்கவேண்டும். நெய்யாற்றின்கரை வாசுதேவன் அவரிடம் பயின்றவர். கச்சேரி மேடையில் பெரும்புகழ் பெற்று 2008இல் மறைந்தார். மலையாளத் திரைப்படங்களுக்கு இனிய மெட்டுகள் அமைத்த எம். ஜி. இராதாகிருஷ்ணனும், அவர்தம் தங்கையாராகிய இசைப்பேராசிரியை ஓமனக்குட்டியும் பொன்னம்மாளிடம் பாடங்கேட்டவர்களே. வகுப்பறையில் ஒருவர் விதைத்த சுருதி சுத்தம் கச்சேரி மேடை, திரைப்படம், கல்லூரி எனப் பல வயல்களில் விளைந்தது. குருவாயூர்புரேச சுப்ரபாதம் முதலியவற்றுக்கு அவரே இசையமைத்தார்.

இனி நவராத்திரி மண்டபத்துக்கு வருவோம். பத்மநாபசுவாமி கோயிலின் அருகே, குதிரைமாளிகையை ஒட்டி நிற்கிறது அம்மண்டபம். மேற்கூரையின்கீழ்த் தொங்கவிட்ட மண்பானைகள் ஒலியைச் செம்மைப்படுத்துகின்றன என்பர். 1813 முதல் 1846 வரை வாழ்ந்த சுவாதித் திருநாள் மன்னர் ஒன்பது இரவுகளுக்கென ஒன்பது கீர்த்தனைகள் இயற்றினார். சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபியில் முடியும் வரிசை அது. நாளுக்கொரு வித்துவான் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டரை மணி நேரம் பாடுவார். அவையோர் கைதட்டுவதில்லை, ஏனெனில் அது கச்சேரியன்று, வழிபாடு.

அவ்வழிபாட்டில் பெண்குரலுக்கு இடமில்லாதிருந்தது. எழுந்தருளியிருப்பவளோ பெண், கையில் வீணை ஏந்தியவள், இசைக்கே தலைவி. அவள் திருமுன் பாடப் பெண்ணுக்கு மட்டும் உரிமையில்லை. அந்த ஒன்பது கீர்த்தனைகளையும் பாடம் சொல்லி ஆடவரை அம்மண்டபத்துக்கு ஆயத்தம் செய்ய ஓர் ஆசிரியையால் முடியும். தாமே சென்று பாட முடியாது. எவரும் வெறுப்பினால் வகுத்த விதி என்று சொல்வதற்கில்லை. வழக்கம் என்பது கேள்வியின்றி நெடுங்காலம் நின்றால், அதுவே நியாயம்போல் தோன்றிவிடுகிறது.

2006ஆம் ஆண்டு செப்டம்பரில் அவ்வழக்கம் மாறியது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தவரும் பொன்னம்மாளின் மாணவருமாகிய இளவரசர் இராம வர்மா அதற்கு முன்னின்றார். ஓய்வுபெற்று ஆண்டுகள் பல கழிந்த நிலையில், எண்பத்தொரு வயதில், பாறசாலை பொன்னம்மாள் அம்மண்டபத்தில் அமர்ந்து பாடினார். ஆர்ப்பாட்டம் செய்து அவர் அவ்விடத்தைப் பெறவில்லை. அறுபதாண்டுக்கு மேற்பட்ட கற்றலும் கற்பித்தலுமே அவருக்குச் சான்றாக நின்றன. 'பெண் பாடலாமா?' என்ற வினா எழுமுன், 'இவரினும் தகுதியுடையார் யார்?' என்ற வினாவே எவருக்கும் எழுந்திருக்கும்.

அதன்பின் அவர் வாழ்வில் ஒரு புதிய காலை புலர்ந்தது. மற்றவர்கள் ஓய்வைத் தேடும் வயதில் அவரைப் பல ஊர்களின் மேடைகள் தேடின. 2017ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2021ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், தொண்ணூற்றாறாம் வயதில், திருவனந்தபுரத்தில் அவர் காலமானார்.

அன்பர்களே, மும்பையிலும் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் பலருக்கு ஒரு கவலை உண்டு. சுற்றிலும் வேறு மொழி ஒலிக்க, நம் பிள்ளைகளிடம் நமது என்று எது தங்கும் என்பதே அது. பொன்னம்மாளின் வாழ்வு இதற்கு ஒரு விடை தருகிறது. அவர் தாம் வாழ்ந்த நாட்டை அயலாக எண்ணவில்லை. அந்நாட்டு மன்னரின் பாடல்களைத் தமதாக்கிக்கொண்டு அந்நாட்டுப் பிள்ளைகளுக்கே கற்பித்தார். அவ்வாறு கொடுத்ததனால் அவர் எதையும் இழக்கவில்லை. அவர் பெயரின் முன்னே பாறசாலை என்னும் எல்லையோரத்துச் சிற்றூர் இறுதிவரை நின்றது.

உங்கள் இல்லத்தில் வரும் நவராத்திரிக்குக் கொலு வைக்கும்போது, பாடத் தயங்கும் சிறுமி ஒருத்தி இருப்பாளாயின், அவளை முன்னே அழைத்து அமர்த்துங்கள். அவள் எண்பத்தொரு வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.